கோடு தாண்டாத கொப்புளம்

சங்கவியின் நிச்சயதார்த்தம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்காகப் பெண்ணின் அம்மா அருணா வெள்ளிக்கிழமையே விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் வந்தாள். தம்பி பெண்டாட்டி கலைப்பிரியாவின் பியூட்டி பார்லரில் சாய்ந்து படுத்து, லேசாக ப்ளீச், அதற்கு மேல் ஃபேஷியல் என்று பண்ணிக்கொண்டாள். "மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு யாரு, அம்மா யாருன்னு கொழம்பிடப் போறாங்கடி" என்று கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு போனதைப் போன வாரம் பார்த்தோம்.

அந்தச் சிரிப்பு மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை. மரக்காணம் ரோட்டில் வளையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது பார்லர். பெரிய ஏசி ஹால் எல்லாம் கிடையாது. ரெண்டு நாற்காலி, ஒரு சாய்வுக் கட்டில், சுவர் நிறையக் கண்ணாடி. ஆனாலும் பெருமுக்கல் பக்கத்திலிருந்துகூட மணப்பெண்கள் தேடி வருவார்கள். ப்ரியாக்கா கை வெச்சா முகத்துக்கு ஒண்ணும் ஆவாது என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேரை வாங்க அவள் வருஷக்கணக்கில் பாடுபட்டிருக்கிறாள்.

முதல் ஆளாக வந்தது ஒரு காலேஜ் பெண். முகத்தில் மாஸ்க்.

"அக்கா, பீல் பண்ணுவீங்களா? தோலு உரிஞ்சு புதுசா வரும்னு ரீல்ஸ்ல பாத்தேன்."

"மொதல்ல மாஸ்க்கக் கழட்டு கண்ணு."

கழற்றினாள். கன்னம் ரெண்டும் ரத்தச் சிவப்பு. நடுவில் பொடிப் பொடியாகப் பருக்கள். தாடையோரம் பூனை முடி கருத்து வளர்ந்திருந்தது. கலைப்பிரியாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"மெடிக்கல் ஷாப்புல ட்யூப் வாங்கிப் போட்டுக்கினு இருந்தியா?"

"ஃப்ரெண்டு சொன்னாக்கா. போட்ட ஒரு வாரத்துல செம கலரு. இப்ப நிறுத்துனா எரியுது, போட்டா பரு வருது. ஒரே பேஜாரா இருக்குது."

"அது படைக்கும் அரிப்புக்கும் டாக்டருங்க கொஞ்ச நாளைக்கு எழுதித் தர்ற மருந்து. ஸ்டீராய்டு கலந்திருக்கும். கலருக்குப் போடறது இல்ல. போடப் போடத் தோலு மெலிஞ்சு போயிடும். இதுமேல நான் பீல் பண்ணன்னு வெச்சிக்கோ, முகம் வெந்துடும்."

"அப்ப ஃபேஷியலாவது…"

"ஒண்ணும் வேணாம். கை வைக்க மாட்டேன். டாக்டர் ஞானமேரி அம்மாகிட்ட போ. நான் அனுப்பினேன்னு சொல்லு. சடக்குனு நிறுத்தாத, எப்படி நிறுத்தறதுன்னு அவங்களே சொல்வாங்க."

வந்த வாடிக்கையைத் திருப்பி அனுப்புகிறோமே என்ற வருத்தமெல்லாம் அவளுக்கு இல்லை. மங்கு, தேமல், பரு என்று எது வந்தாலும் தனக்குத் தெரிந்ததைச் செய்வாள், தெரியாததை டாக்டருக்கு அனுப்பிவிடுவாள்.

அந்தப் பெண் படி இறங்கும்போதுதான் செல்போன் அடித்தது. சங்கவி.

"ப்ரியா அத்தை…" அதற்குமேல் பேச்சு வரவில்லை. அழுகைதான் வந்தது.

"இன்னாடி ஆச்சு? அழாம சொல்லு!"

"அம்மாக்கு நெத்தியெல்லாம் கொப்புளம். சனிக்கிழம சாயங்காலம் லேசா சிவந்துச்சு. ப்ளீச்சு போட்டதுதான், அடங்கிடும்னு அம்மா யார்கிட்டயும் சொல்லல. இப்ப கண்ணையே தொறக்க முடியல. ஆயா உங்களத் திட்டிக்கினே இருக்காங்க."

பின்னாலேயே ஒரு ஃபோட்டோ வந்தது. அருணாவின் நெற்றி பூராவும் மஞ்சள் பூசி, அதற்கு மேல் கற்றாழை அப்பியிருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது.

கலைப்பிரியா ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை நடந்தது அவளுக்குத்தானே தெரியும்? புது ஆள் யாராக இருந்தாலும் முதல் நாளே காதுக்குப் பின்னால் ப்ளீச்சைத் துளி தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போடுவாள். அன்றைக்கு அண்ணிக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "நம்ம வூட்டு மூஞ்சிதானடி, ஜல்தியா போடு" என்று அவசரப்படுத்தினாள். இவளும் போட்டுவிட்டாள். அடிப்பாவி, யாரோ எவளோ என்றால் அவ்வளவு ஜாக்கிரதை, சொந்த நாத்தனார் என்றால் இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்காரனுக்குப் போன் போட்டாள். குமரேசன் டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிறவன். சிநேகிதன் காரை வாங்கிக்கொண்டு உடனே வந்துவிட்டான்.

விழுப்புரத்தில் அருணா வீட்டு வாசலிலேயே கலைப்பிரியாவின் மாமியார் கோவிந்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பேத்தி நிச்சயத்துக்காகப் பத்து நாளாக மகள் வீட்டில்தான் இருக்கிறாள். எந்தக் கோபத்திலும் வந்தவர்களை "வா, உக்காரு" என்று சொல்லாமல் இருக்கமாட்டாள். அன்றைக்கு மருமகளைப் பார்த்து அந்த வார்த்தை வரவில்லை.

"வந்துட்டியா? நல்லா வந்து பாரு, உன் கைவேலைய. சபையில நிக்க வேண்டியவள இந்தக் கோலத்துல கொண்டாந்து வுட்டுட்டியேடி!"

"அம்மா, சும்மா இரும்மா," என்றான் குமரேசன்.

"நான் ஏன்டா சும்மா இருக்கணும்? அருணா வூட்டுக்காரரு பத்திரிகைய தூக்கிக்கினு திருவண்ணாமலைக்குப் போயிருக்காரு. வந்து பாத்தா நான் இன்னா பதில் சொல்றது?"

கலைப்பிரியா உள்ளே போனாள். அருணா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். வலி மாத்திரை போட்ட மயக்கம். காலடிச் சத்தம் கேட்டு ஒரு கண்ணால் பார்த்தாள்.

"எரியுதுடி ப்ரியா. உள்ளுக்குள்ள யாரோ ஊசி வெச்சி குத்திக்கினே இருக்காப்புல இருக்குது."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"உன்ன நான் ஒண்ணும் சொல்லல. அம்மாதான்…"

சங்கவியைக் கொதித்து ஆறிய தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். சுத்தமான துணியை நனைத்து, மஞ்சளையும் கற்றாழையையும் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தாள். மஞ்சள் போகப் போக அவள் கை வேகம் குறைந்தது. அப்புறம் நின்றே போயிற்று.

நெற்றியின் வலது பாதியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். வலது புருவம், வலது இமை, எல்லாம் சிவந்து வீங்கிக் கிடந்தன. இடது பாதி? இடது பாதியில் ஒன்றுமே இல்லை. வெள்ளிக்கிழமை இவள் பண்ணிவிட்ட பளபளப்பு அப்படியே இருந்தது. பொட்டு வைக்கிற இடத்தில் கோடு கிழித்து, இதைத் தாண்டாதே என்று யாரோ சொல்லிவைத்ததுபோலக் கொப்புளம் அங்கேயே நின்றிருந்தது.

நான் ப்ளீச்சை முகம் முழுக்கத்தானே போட்டேன், வெந்தால் ரெண்டு பக்கமும் அல்லவா வெந்திருக்க வேண்டும்?

அப்போதுதான் வெள்ளிக்கிழமை பேச்சு ஞாபகம் வந்தது. தலைமுடி முகத்தில் விழாமல் துணிப்பட்டை கட்டும்போது அருணா 'ஸ்ஸ்' என்றாள். "நேத்துலருந்து ஒத்தத் தலைவலிடி. இந்தப் பக்கம் முடியத் தொட்டாலே வலிக்குது. நல்லா அமுக்கி வுடு" என்றாள். ஆக, ப்ளீச் டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது.

மஞ்சள் இல்லாத முகத்தை இன்னொரு ஃபோட்டோ எடுத்தாள். கொல்லைப் பக்கம் போய், டாக்டர் ஞானமேரிக்கு அனுப்பிவிட்டு போன் போட்டாள். டாக்டர் உடனே எடுத்தார்.

"பார்த்தேன் கலை. இது ப்ளீச் இல்ல. அக்கி. மூக்கு நுனியில ஏதாவது கொப்புளம் இருக்கா?"

"இருக்குதுங்க டாக்டர். வலது பக்கம் சின்னதா ரெண்டு."

அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது.

"அப்போ நல்லா கேட்டுக்கோங்க. மூக்கு நுனிக்குப் போற நரம்பும் கண்ணுக்குப் போற நரம்பும் ஒண்ணு. அங்க கொப்புளம் வந்தா கண்ணுக்குள்ளயும் இறங்கலாம். விட்டா பார்வையே போயிடும். கொப்புளம் கிளம்பி மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா நல்லது. நாளைக்குன்னு வைக்காதீங்க. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

தன்மேல் தப்பில்லை என்ற நிம்மதி கலைப்பிரியாவுக்கு வந்த வேகத்திலேயே போய்விட்டது. அண்ணியின் கண்!

குமரேசனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. "பாத்தியா, நீ இல்ல! வா, அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்று திரும்பினான். ரெண்டு எட்டு வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அய்யோ. கண்ணையன் மாமா," என்றான்.

கலைப்பிரியாவுக்கும் அதே யோசனைதான். கண்ணையன், கோவிந்தம்மாளின் அண்ணன். போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகிறது. அவருக்கு நெற்றியில் அக்கி வந்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒரு கண் போய்விட்டது. அக்கிக்கு ஊசி போட்டதால்தான் போச்சு என்று கோவிந்தம்மாள் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அருணாவும் அந்த மாமாவைப் பார்த்து வளர்ந்தவள்தான். அக்கி என்ற வார்த்தை அந்த வீட்டில் காதில் விழுந்தால் போதும், நேராக விக்கிரவாண்டிக்கு உள்ளே ஒரு ஊரில் மண்பானை செய்கிறவர் வீட்டுக்குத்தான் வண்டி போகும். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின்மேல் சிங்க உருவம் எழுதுவார். மூன்று நாள் எழுத வேண்டும். அதுவரை டாக்டர், மருந்து, மாத்திரை எதுவும் கூடாது.

"சண்ட போட்டு இழுத்துக்கினு போலாம்," என்றான் குமரேசன்.

"சண்ட ஓயறதுக்குள்ள பொழுது போயிடும் மாமா. அண்ணியே பயந்துக்கினு வர மாட்டேன்னுட்டா? அவங்களத் தூக்கிக்கினா போவ முடியும்?"

"அப்ப இன்னாதான் பண்றது?"

கலைப்பிரியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப எல்லாரும் இன்னா நெனச்சிக்கினு இருக்காங்களோ, அப்படியே இருக்கட்டும். நான் போட்ட ப்ளீச்சு. வெந்துடுச்சு. வெந்ததுக்கு டாக்டர்கிட்ட போறதுக்கு அத்தை வேணாம்னு சொல்ல மாட்டாங்க. டாக்டரம்மா ரூமுக்குள்ள போனதும் அண்ணிக்கு அவங்களே உண்மையச் சொல்லிடுவாங்க."

"ஏய், ஊர் பூரா உன் பேரு நாறிப்போயிடும்டி!"

"அண்ணிக்குக் கண்ணு இருக்கணும்ல?"

குமரேசன் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

கலைப்பிரியா உள்ளே போய் மாமியார் முன்னால் நின்றாள். "தப்பு என்னோடதுதான் அத்தை. ப்ளீச்சு ஒத்துக்கல. தோல் டாக்டர்கிட்ட காட்டணும். திண்டிவனத்துல எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க. இப்பவே கூட்டிக்கினு போறோம்" என்றாள்.

"ஒத்துக்கினியே, அது போதும்," என்றாள் கோவிந்தம்மாள். "நானும் வர்றேன். இனிமே உன்ன நம்பி எம்பொண்ண வுடறதா இல்ல."

போச்சுடா என்று குமரேசன் வாய்க்குள்ளேயே முனகினான்.

கோவிந்தம்மாள் முன் சீட்டில். பின்னால் கலைப்பிரியாவின் மடியில் தலை வைத்து அருணா. சங்கவி வீட்டுக்குக் காவல். வண்டி ஹைவேயில் ஏறியது. விக்கிரவாண்டி தாண்டி டோல்கேட்டைக் கடந்துவிட்டால் அப்புறம் நேராகத் திண்டிவனம்தான். கலைப்பிரியா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் போகிற லாரிக்கெல்லாம் மனசுக்குள் வழி விடச் சொல்லி வேண்டிக்கொண்டாள்.

விக்கிரவாண்டி போர்டு தெரிகிற நேரத்தில் கோவிந்தம்மாளின் செல்போன் கத்தியது. வீடியோ கால். அவள் தங்கை வெள்ளையம்மாள். ஓமந்தூர்க்காரி. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே அவள்தான். மாப்பிள்ளை வீடு அவளுக்கு நாலு வீடு தள்ளி.

"அக்கா, காலைல நீ சொன்னதுலருந்து மனசே சரியில்ல. எங்க, அருணா மூஞ்சியக் காட்டு."

கோவிந்தம்மாள் போனைப் பின்பக்கம் திருப்பினாள். ஸ்பீக்கரில் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"அய்ய! இது இன்னாக்கா ஒரு பக்கம் மட்டும் இருக்குது? நம்ம அண்ணனுக்கு வந்துச்சே, அதே மாதிரி இருக்குதே. இது அக்கிக்கா!"

கோவிந்தம்மாள் கழுத்தைத் திருப்பி மகளை உற்றுப் பார்த்தாள். காலையிலிருந்து மஞ்சளுக்கு அடியில் இருந்த முகத்தை அவளும் அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள்.

"அக்கின்னா நிச்சயத்த தள்ளித்தான் வைக்கணும்," என்றாள் வெள்ளையம்மாள். "இவங்க வூட்ல அதெல்லாம் ரொம்பப் பாப்பாங்க. அம்மை, அக்கி கண்ட வூட்ல கை நனைக்க மாட்டாங்க. எழுதறதுக்கு முன்னாடி டாக்டர் கீக்டர்னு போயிடாதீங்க. அண்ணன் கத தெரியும்ல?"

"குமரேசா, வண்டிய ஓரம் கட்டு. விக்கிரவாண்டிக்குள்ள திருப்பு," என்றாள் கோவிந்தம்மாள். மடியில் கிடந்த அருணாவும் பயத்தில் கலைப்பிரியாவின் புடவையை இறுக்கிப் பிடித்தாள்.

குமரேசன் கண்ணாடி வழியாகப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் கால் பிரேக்குக்குப் போயிருந்தது.

கலைப்பிரியா நினைத்திருந்தால் அந்த இடத்தில் பிழைத்துக்கொண்டிருக்கலாம். ஆமாம் சின்னத்தை, அக்கிதான், என்மேல் தப்பில்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? காலையிலிருந்து வாங்கின பேச்சுக்கெல்லாம் பதில் கையில் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. மனுஷிதானே அவளும்?

மடியில் இருந்த முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனியில் அந்த ரெண்டு கொப்புளம்.

"இல்ல சின்னத்தை," என்றாள் சத்தமாக. "அக்கியெல்லாம் இல்ல. நான் போட்ட ப்ளீச்சுதான். காதுக்குப் பின்னால தடவிப் பாக்காம அவசரத்துல போட்டுட்டேன். இந்தப் பக்கம் கொஞ்சம் அதிக நேரம் வுட்டுட்டேன். அதான் ஒரு பக்கமா வெந்துபோச்சு."

"நல்லா பாத்தியாம்மா?"

"என் தொழிலு எனக்குத் தெரியாதா? வெந்ததுதான். தப்பு என்மேலதான்."

"அடிப்பாவி மவளே!" என்றது ஸ்பீக்கர். "ஓமந்தூர்லருந்து ரெண்டு பொண்ணுங்க உன்கிட்ட மேக்கப்புக்குச் சொல்லி வெச்சிருக்குதுங்களே. இரு, மொதல்ல அதுங்ககிட்ட சொல்றேன்."

குமரேசன் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். டோல்கேட்டில் முன்னால் நின்ற காரில் ஒட்டியிருந்த டோல் ஸ்டிக்கர் வேலை செய்யாமல் கொஞ்ச நேரம் படுத்தியது. கட்டை தூக்குகிற வரைக்கும் கலைப்பிரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டின பிறகு யாருக்கும் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஞானமேரிக்குக் கீழ்த்தளத்தில் தோல் கிளினிக். மாடியில் அவர் வீட்டுக்காரர் டாக்டர் பாக்கியசாமி கண் பார்க்கிறார். கோவிந்தம்மாளை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அருணாவும் கலைப்பிரியாவும் மட்டும் உள்ளே போனார்கள்.

டாக்டர் விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். கையுறையோடு மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

"அருணாம்மா, உங்களுக்குச் சின்ன வயசுல சின்னம்மை வந்துதா?"

"வந்துதுங்க. அஞ்சாவது படிக்கச் சொல்ல."

"அம்மை இறங்கினாலும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போறதில்ல. நரம்புல படுத்துத் தூங்கும். வயசாகும்போது, இல்ல உடம்பு அசந்த நேரத்துல, எழுந்து அந்த ஒரு நரம்பு வழியா வெளிய வரும். அதனாலதான் பாதி முகத்தோட நிக்குது. இதுக்குப் பேருதான் அக்கி. கல்யாண வேலைல தூங்காம, சாப்பிடாம அலைஞ்சீங்களா?"

அருணாவுக்கு வாய் பிளந்துகொண்டது. "அக்கியா? கார்ல ப்ளீச்சுன்னு சொன்னியேடி?"

டாக்டர்தான் சொன்னார்.

"ப்ளீச்சாலயும் ஃபேஷியலாலயும் அக்கி வராது. நீங்க இன்னைக்கே இங்க வரணும்னு பழியைத் தன்மேல போட்டுக்கிட்டாங்க. ஆனா கலை, டெஸ்ட் பண்ணாம ப்ளீச் போட்டது தப்புதான். அது வேற கணக்கு. இனிமே யாரா இருந்தாலும் அப்படிப் பண்ணாதீங்க."

"பண்ண மாட்டேங்க டாக்டர்."

"டாக்டர், எங்க மாமாக்கு இதுக்கு ஊசி போட்டுத்தான் கண்ணு போச்சு," என்றாள் அருணா.

"எத்தனை நாள் கழிச்சு ஊசி போட்டாங்க?"

"தெரியலீங்க. எழுதிப் பாத்துட்டு, கண்ணு மூடிக்கினப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கினு போனாங்கன்னு அம்மா சொல்வாங்க."

"அப்போ ஊசி என்னம்மா பண்ணும்? போனது லேட்டு. இது ஊசிகூட இல்ல, மாத்திரைதான். இப்பவே ஒண்ணு போடுங்க. கொப்புளம் காயற வரைக்கும் கைக்குழந்தை, புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க கிட்ட போகாதீங்க. மஞ்சள், கற்றாழை, காவி எதையும் கண் பக்கம் கொண்டுபோகாதீங்க."

அருணா மாத்திரையை வாங்கினாள். ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். அப்புறம் கலைப்பிரியாவின் கையில் இருந்த தண்ணீரை வாங்கி விழுங்கினாள்.

"லூசாடி நீ?" என்றாள். "அம்மா அவ்ளோ திட்டு திட்டறப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?" சொல்லிக்கொண்டே அழுதாள். கண்ணீர் பட்டால் எரியும் என்று கலைப்பிரியா பதறிப்போய்த் துணியால் ஒற்றினாள்.

மாடியில் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். "கருவிழியில லேசா ஆரம்பிச்சிருக்கு. பார்வைக்கு இன்னும் ஒண்ணும் ஆகல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என்னால உறுதி சொல்ல முடியாது. மாத்திரையை விடாம போடுங்க, சொட்டு மருந்து தர்றேன், புதன்கிழமை மறுபடியும் வாங்க" என்றார்.

கலைப்பிரியாவுக்கு அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே ஞாபகம் வந்தது.

படி இறங்கினால், கோவிந்தம்மாள் நாற்காலியில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே சுவரில் ஒட்டியிருந்த பெரிய படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். படத்தில் யாரோ ஒருவரின் முகம். பாதி நெற்றியில் கொப்புளம், பாதி நெற்றி சுத்தம். 'கண்ணைச் சுற்றி அக்கி வந்தால் காத்திருக்காதீர்கள். பார்வை போகலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கோவிந்தம்மாள் எட்டாவது வரை படித்தவள். அதை எத்தனை தடவை படித்தாளோ தெரியாது.

திரும்பி மருமகளைப் பார்த்தாள்.

"அக்கிதானே?"

"ஆமாங்க அத்தை."

"உனக்கு வூட்லயே தெரியும்."

"தெரியும் அத்தை."

"கார்ல என்ன ஏமாத்தினே."

குமரேசன் முன்னால் வந்தான். "அம்மா, திட்டறதுன்னா என்னத் திட்டு."

"நீ போடா அந்தண்ட." கோவிந்தம்மாளின் பார்வை மறுபடியும் படத்துக்குப் போயிற்று. "எங்கண்ணனுக்கும் இப்படித்தான் பாதி இருந்துச்சு. டவுனுக்குப் போலாம்னு எங்க அண்ணி கால்ல வுழுந்து கெஞ்சினா. எழுதி முடிக்கட்டும்னு தடுத்ததே நான்தான். ஊசி மேல பழியப் போட்டுட்டு இத்தினி வருஷம் நிம்மதியா இருந்துட்டேன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அருணா வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணுக்கு ஒண்ணும் ஆவலம்மா. டாக்டர் சொல்லிட்டாரு."

அந்த நேரம் பார்த்துத்தான் கோவிந்தம்மாளின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ஓமந்தூர். மாப்பிள்ளையின் அம்மா. வெள்ளையம்மாள் அதற்குள் நாலு வீடு தள்ளிப் போய்ச் சேதி சொல்லியாகிவிட்டது.

"அத்தை," என்றாள் கலைப்பிரியா அவசரமாக. "ப்ளீச்சுன்னே சொல்லிடுங்க. அக்கின்னா நிச்சயத்தத் தள்ளி வெச்சிடுவாங்க. சங்கவி பாவம். ஞாயித்துக்கெழம முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்."

கோவிந்தம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தியம்மாங்களா? கோவிந்தம்மா பேசறேன். ஆமாங்க, நான்தான் எந்தங்கச்சிகிட்ட அப்படிச் சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன். எம்மருமக கைபட்டு யார் மூஞ்சியும் வேவலீங்க. அருணாக்கு வந்திருக்கிறது அக்கி. டாக்டர்கிட்டதான் காட்டிக்கினு இருக்கோம். எம்மருமக இல்லன்னா எம்பொண்ணுக்கு இன்னிக்குக் கண்ணு இல்ல."

"அக்கியா?" என்றது குரல். "அப்ப ஞாயித்துக்கெழம… இருங்க, எங்க வூட்டுப் பெரியவங்களக் கேட்டுட்டுக் கூப்புடறேன்."

போன் வைக்கப்பட்டது. கலைப்பிரியாவுக்குச் சங்கவியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. "ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?" என்றாள்.

கோவிந்தம்மாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"கூப்புடறப்ப கூப்புடட்டும்," என்றாள். "நீ வா, உக்காரு."